பிரசவமும் அதற்குப் பின்னான நாள்களும்: கொழும்புத் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் தமிழ் பேசும் குடும்பங்களில் பிள்ளைப்பேறு நெருங்கும்போது எழும் கேள்விகளில் பாதிகூட வைத்தியரிடம் போய்ச் சேர்வதில்லை. கிளினிக்கில் கூட்டம் ஒருபுறம், கேட்டால் கோபிப்பார்களோ என்ற தயக்கம் ஒருபுறம், மொழி இன்னொருபுறம். அந்தக் கேள்விகள் அம்மாவிடமும் மாமியிடமும் அயல்வீட்டு அக்காவிடமும் கேட்கப்பட்டு, ஆளுக்கொரு பதிலாகத் திரும்பி வருகின்றன. அவற்றுள் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது. இவை பொதுவான பதில்களே. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, முன்னைய சிசேரியன் போன்றவை உள்ளவர்கள் தம்மைப் பார்க்கும் வைத்தியரின் சொல்லையே முதலில் கொள்ள வேண்டும்.

மரியாதையான மகப்பேற்றுப் பராமரிப்பு என்றால் தாதிமார் சிரித்த முகத்துடன் பேசுவதா?

சிரித்த முகம் நல்லதுதான், ஆனால் அது போதாது. பிரசவத்தின்போது பெண்களை ஏசுவது, அடிப்பது, சம்மதம் கேட்காமல் சிகிச்சை செய்வது, மறைப்பில்லாமல் பரிசோதிப்பது, வலிக்கு மருந்து தர மறுப்பது, கவனிப்பாரின்றி விட்டுவிடுவது ஆகிய யாவும் பெண்ணின் உரிமையை மீறும் செயல்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொன்னது. அதே நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளில் மரியாதையான பராமரிப்பே முதலாவதாக நிற்கிறது. தாயைப் பெயர் சொல்லி அழைப்பது, செய்யப்போவதை முன்கூட்டியே சொல்வது, அவள் சம்மதத்தைக் கேட்பது, பரிசோதிக்கும் முன் திரையை இழுத்து மூடுவது, அவளைப் பற்றிய செய்தியைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி சொல்லாமலிருப்பது என்று அது மிகச் சாதாரணமான காரியங்களால் ஆனது.

இதை வைத்தியத்துக்கு வெளியே உள்ள ஏதோ நாகரிக விடயமாக எண்ணக் கூடாது. நோவில் கத்தியதற்காக ஏச்சு வாங்கிய ஒரு பெண், பிள்ளை பிறந்த பின் பேட் நனைந்து வழிவதைச் சொல்லவும் தயங்குவாள். பிரசவத்துக்குப் பின்னான இரத்தப்போக்கில் அந்தத் தயக்கம் அரை மணித்தியாலம் நீண்டாலே உயிருக்கு ஆபத்து. பயமின்றிப் பேசக்கூடிய தாயே பாதுகாப்பான தாய் என்பதை இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் வலியுறுத்த விரும்புகிறேன்.

அரசாங்க வைத்தியசாலையில் எல்லாம் இலவசம். அங்கே போய்க் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இந்தச் சேவை மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் தொடங்கியது. களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்ட பின், மிட்வைஃப் என்று நாம் அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டு வாசலுக்கே வரும் முறை நாடு முழுவதும் வேரூன்றியது. இன்று இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு ஏறக்குறைய 30 தாய்மாரே இறக்கின்றனர் என்பது தென்னாசியாவில் பெருமைப்படத்தக்க நிலை. தாயின் உயிரைக் காப்பதில் இவ்வளவு தூரம் வந்த ஒரு சேவையிடம் அவளுடைய மானத்தையும் காக்கும்படி கேட்பது அதிகப்படியான ஆசையாகாது.

காலையில் வைத்தியர்கள் விடுதியைச் சுற்றி வரும் நேரம்தான் கேட்பதற்கு ஏற்ற நேரம். முதல்நாள் இரவே கேள்விகளைக் கடதாசியில் எழுதி வைத்து, மிக முக்கியமான இரண்டு மூன்றை முதலில் கேளுங்கள். "எனக்கு என்ன செய்யப் போகிறீர்கள், ஏன் செய்கிறீர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்ற மூன்றும் எந்தச் சிகிச்சைக்கும் பொருந்தும். காசு கட்டிப் பிள்ளை பெறும் தனியார் மருத்துவமனைகளிலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும், ஏனென்றால் அறை வசதியாக இருக்கிறது என்பதற்காக விளக்கம் தானாகக் கிடைத்துவிடாது.

எனக்குச் சிங்களம் வராது. விடுதியில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால் என்ன செய்வது?

மலையகத்திலிருந்தும் வடக்குக் கிழக்கிலிருந்தும் கொழும்புக்கு வந்து குடியேறிய இளம் தாய்மாருக்கு இதுவே மிகப் பெரிய பயம். 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆகவே தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் நோவு எடுத்துக்கொண்டிருக்கும் வேளையில் அரசியலமைப்பை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால், முன்னேற்பாடுதான் கைகொடுக்கும்.

கிளினிக்குக்குப் போகும் நாள்களிலேயே அந்த வைத்தியசாலையில் தமிழ் பேசும் வைத்தியர், தாதி, சிற்றூழியர் யார் யார் என்று விசாரித்து வையுங்கள். பெரும்பாலான விடுதிகளில் யாராவது ஒருவர் இருப்பார். "தெமள கதா கரண கெனெக் இன்னவாத?" என்று கேட்டால் தமிழ் பேசுபவர் யாரும் இருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பார்கள். "மட்ட தேருணே நே" என்றால் எனக்கு விளங்கவில்லை என்று பொருள், அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஒரு அட்டையின் ஒரு பக்கத்தில் தமிழிலும் மறுபக்கத்தில் சிங்களத்திலும் உங்கள் பெயர், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, முன்னைய பிரசவம் எப்படி நடந்தது, வீட்டில் அழைக்க வேண்டியவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்து, கர்ப்பகாலப் பதிவு அட்டையுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சத்திரசிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். தொலைபேசியில் ஒரு உறவினரை அழைத்தாவது அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மிக அவசர நிலையிலும் இரண்டு வசனத்தில் காரணம் சொல்ல நேரம் இருக்கும்.

பிரசவ அறைக்குள் என்னுடன் ஒருவர் இருக்கலாமா?

தாய் விரும்பும் ஒருவர் பிரசவம் முழுதும் அவளுடன் இருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்படித் துணை உள்ள தாய்மாருக்கு இயல்பான பிரசவம் நடக்கும் வாய்ப்புக் கூடுகிறது, நோவெடுக்கும் நேரமும் சற்றுக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கொழும்பில் நடைமுறை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அரச வைத்தியசாலையின் பிரசவ அறை பல கட்டில்கள் கொண்ட ஒரே மண்டபமாக இருந்தால், மற்றப் பெண்களின் மறைப்பைக் கருதிக் கணவரை உள்ளே விடமாட்டார்கள், ஆனால் தாயோ சகோதரியோ போன்ற ஒரு பெண் துணையை அனுமதிக்கக்கூடும். ஏழாம் எட்டாம் மாதத்திலேயே கிளினிக்கில் இதைக் கேட்டு, துணைக்கு வருபவர் யார் என்பதை முடிவு செய்து வையுங்கள்.

துணைக்கு வருபவர் தைரியசாலியாக இருக்க வேண்டும் என்பதில்லை, அமைதியானவராக இருந்தால் போதும். இடுப்பைத் தடவிவிடுவதும், தண்ணீர் கொடுப்பதும், வைத்தியர் சொன்னதைத் தாயின் காதில் மெல்லத் திருப்பிச் சொல்வதும்தான் அவருடைய வேலை. "நான் மூன்று பெற்றேன், ஒரு சத்தம் போடவில்லை" என்று சொல்லக்கூடியவரைத் தயவுசெய்து அழைத்துப் போக வேண்டாம்.

நோவு தொடங்கிய பின் எவற்றுக்கெல்லாம் என் சம்மதத்தைக் கேட்க வேண்டும்?

ஒவ்வொரு உள்பரிசோதனைக்கும், நோவைக் கூட்டும் மருந்துக்கும், பன்னீர்க்குடத்தை உடைப்பதற்கும், கீழே வெட்டுப் போடுவதற்கும், ஆயுதம் வைத்து எடுப்பதற்கும் கேட்க வேண்டும். உள்பரிசோதனை பொதுவாக நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போதும். போதனா வைத்தியசாலைகளில் மாணவர்கள் கற்பதும் அவசியம்தான், ஆனால் மாணவர் ஒருவர் பரிசோதிப்பதற்கும் உங்களிடம் கேட்க வேண்டும், வேண்டாம் என்று சொன்னால் அதனால் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது.

கீழே வெட்டுப் போடுவது எல்லாத் தாய்மாருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டிய ஒன்றல்ல, தேவைப்படும்போது மட்டுமே செய்ய வேண்டியது. வயிற்றின் மேல் ஏறி அழுத்திப் பிள்ளையைத் தள்ளுவது பரிந்துரைக்கப்படாத செயல். சிக்கலில்லாத பிரசவத்தில் தாய் நடமாடலாம், உட்காரலாம், சரிந்து படுக்கலாம், தண்ணீரும் இலேசான உணவும் எடுக்கலாம். கருப்பைக் கழுத்து 5 சென்றிமீற்றர் விரிந்த பிறகே நோவு வேகம் கொள்ளும் கட்டம் தொடங்குகிறது என்றும், மணிக்கு ஒரு சென்றிமீற்றர் விரிந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை எல்லோருக்கும் பொருத்தக் கூடாது என்றும் 2018இன் பரிந்துரைகள் சொல்கின்றன. ஆகவே, தாயும் பிள்ளையும் நலமாக இருக்கும்வரை, "இன்னும் நேரம் இருக்கிறது" என்ற சொல்லைக் கேட்டுக் கலங்க வேண்டாம். வலிக்கு எந்த மருந்து இருக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள், அது எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை.

பிள்ளை பிறந்து அழுதுவிட்டால், துடைத்து, தாயின் வெறும் மார்பின் மீது வைத்து, ஒரு மணித்தியாலமாவது அங்கேயே இருக்க விடுவது நல்லது. தொப்புள்கொடியைக் குறைந்தது ஒரு நிமிடம் கழித்தே இறுக்க வேண்டும். குளிப்பாட்டுவது 24 மணித்தியாலம் பொறுக்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

சிக்கலில்லாத இயல்பான பிரசவத்துக்குப் பின்னும் குறைந்தது 24 மணித்தியாலம் வைத்தியசாலையில் இருக்க வேண்டும். சிசேரியன் ஆனால் மேலும் சில நாள்கள். புறப்படும் முன் நீங்கள் சிரமமில்லாமல் சிறுநீர் கழித்திருக்க வேண்டும், பிள்ளை பால் குடிப்பதை ஒரு தாதி நேரில் பார்த்திருக்க வேண்டும், பிள்ளைக்குக் காசநோயைத் தடுக்கும் பிசிஜி தடுப்பூசி போட்டு, குதிகாலில் இரத்தத் துளி எடுத்திருக்க வேண்டும். அந்தத் துளி, தைரொயிட் குறைபாடு பிறவியிலேயே உள்ளதா என்று பார்ப்பதற்கானது. தாயின் இரத்தம் நெகட்டிவ் வகையாகவும் பிள்ளையுடையது பொசிட்டிவ் வகையாகவும் இருந்தால் 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு ஒரு ஊசி போட வேண்டும். அது அடுத்த பிள்ளையைக் காக்கும் ஊசி, மறந்தால் வாய் திறந்து கேளுங்கள்.

மிட்வைஃப் வீட்டுக்கு வருவார் என்கிறார்கள், எங்களிடம் யாரும் வரவில்லையே?

கொழும்பில் இது அடிக்கடி நடக்கிறது, பெரும்பாலும் முகவரிதான் காரணம். கர்ப்பத்தின்போது கொட்டாஞ்சேனையில் பதிந்த பெண் பிள்ளைப்பேற்றுக்காக வெள்ளவத்தையில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். கொட்டாஞ்சேனை மிட்வைஃப் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போவார், வெள்ளவத்தை மிட்வைஃபுக்கு இப்படி ஒரு தாய் இருப்பதே தெரியாது. தொடர்மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு, காவலாளி கீழேயே திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. எனவே வீட்டுக்குப் போன அன்றோ மறுநாளோ, நீங்கள் இப்போது தங்கியிருக்கும் பகுதிக்குரிய எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கு அழைத்து முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். முதல் பத்து நாள்களுக்குள்ளேயே இரண்டு தடவையும், பின்னர் ஆறு வாரம் முடியும் வரை மேலும் சில தடவையும் அவர் வர வேண்டும். வரும்போது பிள்ளையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் குருதியமுக்கம், தையல், மார்பு, மனநிலை எல்லாவற்றையும் அவர் பார்க்க வேண்டும்.

உடல் தேற எவ்வளவு காலம் எடுக்கும்?

கருப்பை பழைய அளவுக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு வாரம் எடுக்கும். உதிரப்போக்கு முதல் சில நாள்கள் நல்ல சிவப்பாகவும், பின்னர் கபில நிறமாகவும், கடைசியில் வெளிர் மஞ்சளாகவும் மாறிக் குறைந்துகொண்டு வரும். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பது கருப்பை சுருங்குவதன் அடையாளம். இரண்டாம் மூன்றாம் பிள்ளைக்கு அது கூடுதலாக வலிக்கும்.

கீழே போட்ட தையல் பொதுவாகத் தானாகக் கரையும் நூலால் போடப்படும். ஒவ்வொரு தடவை சிறுநீர் கழித்த பின்பும் சுத்தமான தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, பேட்டை நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது மாற்றினால் போதும். மலம் கழிக்கப் பயந்து அடக்கிவைப்பது நிலைமையை மோசமாக்கும். தண்ணீர், பழம், கீரை எடுத்து, தேவைப்பட்டால் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். நாளாக ஆக வலி குறைய வேண்டும். கூடினால் காட்ட வேண்டும்.

சிசேரியன் பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சை என்பதைக் குடும்பத்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். "வலியில்லாமல் பெற்றுவிட்டாள்" என்ற பேச்சை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். அவள் 24 மணித்தியாலத்துக்குள் எழுந்து சிறிது நடக்க வேண்டும், ஏனென்றால் அசையாமல் படுத்திருந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் கூடும். அதே வேளை ஆறு வாரத்துக்குப் பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர் வாளி, அரிசி மூட்டை, மூத்த பிள்ளை எல்லாம் இதில் அடங்கும். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையலில் இழுவை குறையும்.

தும்மும்போதோ சிரிக்கும்போதோ சிறுநீர் கசிவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் பலருக்கு இருக்கிறது. சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை இறுக்கிச் சில விநாடி பிடித்து விடும் பயிற்சியை நாள்தோறும் பல தடவை செய்தால் பெரும்பாலானோருக்குக் குறையும். மூன்று மாதத்துக்குப் பின்னும் நீடித்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

கர்ப்பத்தின்போது நீரிழிவு வந்தவர்கள் ஆறாவது வாரத்தில் குளுக்கோசு குடித்துச் செய்யும் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

எப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?

ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பேட் முழுதாக நனைந்தாலோ, பெரிய கட்டிகள் வெளியேறினாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ உடனே போக வேண்டும். கடுமையான தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, வலிப்பு ஆகியவை குருதியமுக்கம் ஏறியதைக் காட்டலாம். கர்ப்பத்தின்போது அமுக்கம் சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்துக்குள் இது வரலாம் என்பதால் "நித்திரை இல்லாததால் வந்த தலையிடி" என்று பொருட்படுத்தாமல் விடாதீர்கள். 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, சீழ் வடியும் தையல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவையும் அப்படியே.

பிள்ளை பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, காய்ச்சல், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, முதல் 24 மணித்தியாலத்துக்குள் உடல் மஞ்சளாவது, தொப்புளைச் சுற்றிச் சிவப்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். முச்சக்கரவண்டி தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

பத்தியம், காயம் என்னும் நாட்டு மருந்து, வேதுக் குளிப்பு எல்லாம் செய்யலாமா?

நம் முன்னோர் பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாளோ நாற்பது நாளோ ஒதுக்கி, வீட்டு வேலையிலிருந்து விடுவித்து, தனியாகச் சமைத்துக் கொடுத்ததில் ஆழ்ந்த அக்கறை இருக்கிறது. அந்த ஓய்வை அப்படியே காப்பாற்றுங்கள். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி அரைத்து வைக்கும் சரக்குக் கறியும், பால்சுறா வறையும், முருங்கையிலையும், நல்லெண்ணெயும் நல்ல உணவுகள்தான். வேப்பிலை, நொச்சி, பாவட்டை அவித்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் மேல் கழுவுவதால் உடம்புநோவு ஆறும்.

தீங்கு எங்கே வருகிறதென்றால், குறைப்பதிலும் மிஞ்சுவதிலும்தான். தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்று தாயின் தாகத்தை அடக்குவது பெரிய தவறு. பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை, போதாவிட்டால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். பழம், முட்டை, பருப்பு, தயிர் எல்லாவற்றையும் விலக்கி, சோறும் ஒரு குழம்புமாகப் பல நாள் விடுவது இரத்தச்சோகையை நீட்டும். ஆவி பறக்கும் தண்ணீரைத் தையல் மீது வீசி ஊற்றக் கூடாது. பூட்டிய அறைக்குள் கரியடுப்பு வைப்பதால் வரும் நச்சுவாயு தாயையும் பிள்ளையையும் கொல்லும். சாம்பிராணிப் புகையைப் பிள்ளையின் முகத்துக்குக் காட்டுவது அதன் நுரையீரலுக்குக் கூடாது. வயிற்றைத் துணியால் இலேசாகக் கட்டினால் இதமாக இருக்கலாம், மூச்சு முட்ட இறுக்குவதால் வயிறு குறையாது.

நாட்டு மருந்தாகக் கொடுக்கும் காயத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டு அறிந்து, வைத்தியர் தந்த மருந்துகளுடன் அது பொருந்துமா என்று விசாரித்த பின் எடுங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேநீருடனோ கல்சியம் மாத்திரையுடனோ சேர்த்து எடுத்தால் அதன் பயன் குறையும். மாமியாரோ அம்மாவோ பத்தியத்தில் உறுதியாக நின்றால், மிட்வைஃப் வரும் நாளில் அவரையும் பக்கத்தில் இருத்திப் பேச வையுங்கள். மருமகள் சொன்னால் எதிர்ப்பேச்சாகத் தெரிவது, மிட்வைஃப் சொன்னால் அறிவுரையாகக் கேட்கப்படும்.

பால் போதவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாப்பால் தொடங்கலாமா?

முதல் இரண்டு மூன்று நாள்கள் வரும் மஞ்சட்பால் அளவில் கொஞ்சம்தான், பிள்ளையின் வயிறும் அவ்வளவு சிறியதுதான். பிறந்த எடையில் 10 சதவீதம் வரை குறைந்து இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பெறுவது இயல்பு. ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது. அழுகை மட்டும் போதாமைக்கு அடையாளமல்ல. சீனித் தண்ணீர், தேன், வசம்பு எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். காம்பு வெடித்து வலித்தால் பெரும்பாலும் பிள்ளை வாய் பிடித்த முறையே காரணம். கொழும்பின் பெரிய மகப்பேற்று வைத்தியசாலைகளில் பாலூட்டல் முகாமைத்துவ நிலையங்கள் இருக்கின்றன, அங்கே காட்டித் திருத்திக்கொள்ளலாம். மருத்துவக் காரணத்தால் மாப்பால் தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. அந்தத் தாய்மாரைக் குற்றவாளி போல் பார்க்கக் கூடாது.

எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், எனக்கு மட்டும் அழுகை வருகிறது. இது என்ன?

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை காரணமில்லாமல் கண் கலங்குவது மிகப் பலருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதற்குப் பின்னும் மனம் இருண்டே கிடந்தால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், பிள்ளை மேல் ஒட்டுதல் வராவிட்டால், எதிலும் விருப்பமில்லாவிட்டால் அது மனச்சோர்வு நோய். இது நன்றிகெட்டதனமும் அல்ல, கண்ணூறும் அல்ல. எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று இருக்கிறது. கடந்த 7 நாள்களில் மனம் எப்படி இருந்தது என்று அது கேட்கும். மிட்வைஃபிடமோ கிளினிக்கிலோ கேட்டால் அதை நிரப்பிப் பார்க்கலாம். அதன் கடைசிக் கேள்வி தன்னைத் தானே துன்புறுத்தும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஆம்" என்பது பதிலானால் அன்றே வைத்தியரைப் பார்க்க வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் உள்ளன. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

முதல் இரண்டு வாரங்களில் ஒரு தாய் தூக்கமே இல்லாமல், தொடர்பில்லாமல் பேசி, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால் அது அவசர நிலை. கோயிலுக்கோ மந்திரிக்கவோ கொண்டு போய் நாளைக் கடத்தாமல், அவளையும் பிள்ளையையும் தனியே விடாமல், வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

வீட்டில் அடி, ஏச்சு இருந்தால் அதையும் சொல்லுங்கள். பல அரச வைத்தியசாலைகளில் இதற்கென்றே நட்பு நிலையம் இயங்குகிறது, பெண்களுக்கான உதவி எண் 1938.

பிள்ளை தங்கவில்லை. அந்தத் தாய்க்கு என்ன பராமரிப்புத் தேவை?

மற்றவர்களுக்குக் கிடைக்கும் எல்லாப் பராமரிப்பும், அதற்கு மேலும். பிறந்த பிள்ளைகள் அழும் விடுதியில் அவளைப் படுக்க வைக்காமல் வேறு இடம் கேளுங்கள். பிள்ளையைப் பார்க்கவும் தூக்கவும் விரும்புகிறாளா என்று அவளிடமே கேட்க வேண்டும். "அவள் தாங்கமாட்டாள்" என்று மற்றவர்கள் முடிவு செய்து, அவள் மயக்கம் தெளியும் முன்னே அடக்கம் செய்துவிடுவதை நம் குடும்பங்கள் அன்பினால்தான் செய்கின்றன, ஆனால் முகம் காணாத துயரம் பல பெண்களை ஆண்டுக்கணக்கில் வருத்துகிறது. மூன்றாம் நாளளவில் அவளுக்கும் பால் கட்டும். அதை முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த துணி வைத்து, தாங்கும் உள்ளாடை போட்டு, தேவைப்பட்டால் வைத்தியரிடம் மருந்து கேட்கலாம். மிட்வைஃப் அவளையும் பார்க்க வர வேண்டும். "வயது இருக்கிறது, அடுத்தது பிறக்கும்" என்று ஆறுதல் சொல்லாமல், பக்கத்தில் இருந்து அவள் பேசுவதைக் கேளுங்கள்.

மீண்டும் தாம்பத்திய உறவு, அடுத்த பிள்ளை?

காயம் ஆறி, உதிரம் நின்று, மனமும் இசைந்த பிறகுதான், அதற்கு நாள் குறிக்க வேண்டியவள் தாய். மாதவிடாய் திரும்பும் முன்பே கரு உண்டாகலாம். பிள்ளைகளுக்கிடையில் இடைவெளி வேண்டும் என்பதால், அடுத்த கர்ப்பத்துக்கு முன் 24 மாதமாவது பொறுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பால் கொடுப்பவருக்கு ஏற்ற கருத்தடை முறைகள் எம்.ஓ.எச். கிளினிக்கில் கிடைக்கும்.

வேலைக்குத் திரும்பும்போது சட்டம் என்ன தருகிறது?

கடை, காரியாலய ஊழியர் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பின், எத்தனையாவது பிள்ளை என்று பாராமல் 84 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. வாராந்த விடுமுறையும் போயா நாளும் அந்தக் கணக்கில் சேரா. அரச ஊழியருக்கு 84 வேலைநாள் முழுச் சம்பளத்துடன் கிடைக்கும், அதன் பின் அரைச் சம்பளத்துடனும் சம்பளமின்றியும் நீட்டலாம். தாய்மை நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, ஒன்பது மணித்தியால வேலையில் பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும். வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிப்பு அறை இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம்.

மரியாதைக் குறைவாக நடத்தப்பட்டால் எங்கே முறையிடுவது? முறையிட்டால் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களா?

அந்தப் பயத்தினால்தான் பெரும்பாலானோர் வாய் மூடி வருகிறார்கள், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. விடுதியில் இருக்கும்போதே தீர்க்கக்கூடியதை விடுதிக்குப் பொறுப்பான தாதிய சகோதரியிடம் அமைதியாகச் சொல்லுங்கள். பல விடயங்கள் அங்கேயே சரியாகிவிடும். பாரதூரமானதை வீட்டுக்கு வந்த பின் எழுதலாம். வைத்தியசாலைப் பணிப்பாளருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தனியார் மருத்துவமனையானால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் சபையிடமும், வைத்தியர் ஒருவரின் தொழில் நடத்தை பற்றியதானால் இலங்கை மருத்துவச் சபையிடமும் முறையிடலாம். அரச வைத்தியசாலையில் மொழியாலோ இனத்தாலோ பாகுபாடு காட்டப்பட்டதாக இருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

கடிதத்தில் நாள், நேரம், விடுதி இலக்கம், கட்டில் இலக்கம், சொல்லப்பட்ட சொற்கள், அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் ஆகியவற்றை எழுதுங்கள். ஆளின் பெயர் தெரியாவிட்டால் சீருடையையும் பணிமுறை நேரத்தையும் குறிப்பிட்டால் போதும், கடமைப் பட்டியலைக் கொண்டு அவர்களால் கண்டுபிடிக்க முடியும். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த நோய்விபர அட்டையின் பிரதியொன்றை இணைத்து, மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். உங்களை நன்றாகக் கவனித்த தாதியோ வைத்தியரோ இருந்தால் அவர் பெயரையும் அதே கடிதத்தில் எழுதலாம்.